எட்டு மாதக் குழந்தையின் மலத்தில் கறுப்பு நூல்: பூச்சியா, ஏத்தம்பழமா?

களக்காட்டு வாழைத்தோட்டம்:
அம்பாசமுத்திரத்து ஆச்சி ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எட்டு மாதப் பேரனின் மலத்தில் கறுப்பு நூல் போலப் பூச்சிகள் கிடந்தனவாம்; வேப்பங்கொழுந்தை அரைத்துச் சாறெடுத்துப் பாலாடையில் புகட்டினாராம்; பூச்சியெல்லாம் ஒழிந்துபோயிற்றாம். வாழ்த்துச் சொன்னவர்கள் போக, எத்தனை சொட்டு என்று அளவு கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே பதிவின் நடுவே, ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) கொடுக்கத் தொடங்கிச் சில நாள்தான் ஆகிறது என்றும், பூச்சியைக் கண்டதும் பழத்தையும் நிறுத்திவிட்டோம் என்றும் அவரே எழுதியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது பூச்சியே அன்று, பழத்தின் நார். நன்றாகப் பழுத்த ஏத்தம்பழத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: விதை இருக்க வேண்டிய நடுப்பகுதியில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகளும் அவற்றை ஒட்டி மெல்லிய நாரும் தெரியும். அவைதாம் குழந்தையின் வயிற்றில் செரிக்காமல் கறுத்து நூல்நூலாக வெளியே வருகின்றன. பழத்தை நிறுத்தினால் நூலும் நின்றுவிடும்.

அம்பை ஆச்சி:
தம்பி, நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் நான். தாமிரபரணிக் கரையில் வாழைத் தோப்புக்கு நடுவே வாழ்ந்தவளுக்கு வாழை நார் எது, பூச்சி எது என்று நீர் பாடம் எடுக்க வேண்டாம். என் பிள்ளைகள் நால்வரும் ஏத்தம்பழத்தை அவித்து மசித்துத் தின்றுதான் வளர்ந்தார்கள். ஒருவருக்கும் இப்படி நூல் வந்ததில்லை. என் பேரன் முற்றத்தில் தவழ்ந்து மண்ணை அள்ளி வாயில் போடுகிற குழந்தை. அவனுக்குப் பூச்சி வராமல் வேறு யாருக்கு வரும்?

களக்காட்டு வாழைத்தோட்டம்:
மண் தின்கிற குழந்தைக்குப் பூச்சி வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கொழுந்து கொடுத்த அன்றே பழத்தையும் நிறுத்தினீர்களா, இல்லையா? நிறுத்தினீர்கள் என்றால், எதனால் நூல் நின்றது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பேட்டை தகப்பன்:
பெரியவர்களிடம் பேசும் முறை இதுவன்று, அண்ணாச்சி. குழந்தைகளுக்குப் பூச்சித் தொல்லை இல்லையென்றால் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆண்டுதோறும் எதற்காகக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள்? போன மாதம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கிற பழத்தைப் பற்றி நான் எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் பாய்ந்தீர்கள். உங்கள் விளைபொருளைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் உங்களுக்குப் பொறுக்காது.

சேரன்மாதேவி செவிலி:
அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் ஒரு வயது நிறைந்த பிறகுதான். இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம்; அதற்கு மேல் 400. எட்டு மாதக் குழந்தையைப் பற்றிய பேச்சில் அதைக் கொண்டுவருவதில் பொருளில்லை. கீரிப்பூச்சி வெள்ளையாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் துணுக்கு நூல் போல நெளியும். இரவில் ஆசனவாயில் அரிப்பெடுத்துக் குழந்தை தூங்காது. நாக்குப்பூச்சி மண்புழு போல நீண்டு, வெளிறிய இளஞ்சிவப்பில் இருக்கும். இரண்டும் கறுப்பு நூலாக வருவதில்லை. ஆச்சி, அந்த நூல் நெளிந்ததா என்று பார்த்தீர்களா?

அண்ணாச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பாகத் தெரிவதையெல்லாம் வாழைப்பழத்தின் தலையில் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தாலும் மலம் கறுக்கும். அது பயப்படத் தக்கதன்று. மருந்து எதுவும் கொடுக்காமலே தார் போலப் பிசுபிசுப்பாகக் கறுத்துப் போனால் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருக்கலாம். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தால் பித்தநீர் இறங்கவில்லை என்று பொருள். பிறந்த சில வாரங்களில் அப்படிக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. விட்டுவிட்டு வீரிட்டு அழுது, இரத்தமும் சளியும் கலந்து செங்கூழாகப் போனால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலாக இருக்கலாம். அன்றைக்கே பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

களக்காட்டு வாழைத்தோட்டம்:
நான் தாரைப் பற்றியும் பேசவில்லை, சுண்ணாம்பைப் பற்றியும் பேசவில்லை. இந்த ஆச்சி, இந்தப் பேரன், இந்த நூல் என்றுதான் பேசினேன். நெளியவில்லை என்பதை நானே எழுதித் தருகிறேன், ஏனென்றால் நார் நெளியாது. கொழுந்து புகட்டுவதைப் படித்துவிட்டு, கொழுந்து கிடைக்கவில்லை, வேப்பெண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். அதற்கு மூன்று பேர் விடலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அதைப் பார்த்துத்தான். வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்ட செய்தி இந்தியாவிலும் மலேசியாவிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இல்லாத பூச்சிக்காகவா இந்த ஆபத்து?

அம்பை ஆச்சி:
எண்ணெய் என்று நான் எழுதவே இல்லை. கொழுந்து என்றுதான் எழுதினேன். யாரோ கேட்ட எண்ணெய்க்கு என்னை ஏன் பொறுப்பாக்குகிறீர்?

வள்ளியூர் வாசகர்:
கைக்குழந்தைக்கு ஏத்தம்பழம் கொடுத்ததே தொடக்கத்தில் செய்த தவறு. மட்டிப்பழம் கொடுத்திருக்கலாம், வயிற்றுக்கு இலேசானது, வாசனையானது, நாரும் குறைவு. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மட்டிதான்.

களக்காட்டு வாழைத்தோட்டம்:
மட்டியிலும் நடுவே அதே நார் உண்டு. ஏத்தன் களக்காட்டு மண்ணில் விளைகிற பயிர்; அதை அவித்து, நடு நாரை எடுத்துவிட்டு மசித்துக் கொடுத்தால் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அதைவிட நல்ல உணவு குறைவு. நார் எடுக்காத குறையைப் பழத்தின் மேல் போடாதீர்கள். ஆச்சி இன்னும் பதில் சொல்லவில்லை: அன்றே பழத்தை நிறுத்தினீர்களா, இல்லையா?

பேட்டை தகப்பன்:
நாரை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று இப்போதுதான் வாயைத் திறந்து சொல்கிறீர்கள். முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சேரன்மாதேவி செவிலி:
நார் எடுக்காமல் கொடுத்தாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தயவுசெய்து புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பாதீர்கள்.

அம்பை ஆச்சி:
நிறுத்தினேன். அதனால் என்ன? பூச்சிக்கு இனிப்பு ஆகாது என்று நிறுத்தினேன்.

களக்காட்டு வாழைத்தோட்டம்:
அப்படியானால் வேம்பை அடியோடு விட்டுவிட்டு, பழத்தை மட்டும் மறுபடி கொடுங்கள். மறுநாள் அதே நூல் வந்தால், ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அசைகிறதா என்று இங்கேயே எழுதுங்கள்.

அம்பை ஆச்சி:
நீர் சொல்வதை மெய்ப்பிக்க என் பேரனுக்குப் பழம் கொடுக்க முடியாது. என் மருமகளும் உம்மைப் போலவே வாதாடுகிறாள். அவளுக்குச் சொன்ன பதிலே உமக்கும்.

களக்காட்டு வாழைத்தோட்டம்:
உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி, ஆச்சி.

பேட்டை தகப்பன்:
இப்போது மாமியார் மருமகள் நடுவிலும் புகுந்துவிட்டீர்களா, அண்ணாச்சி?