புதுப்பிப்பு: எவரெஸ்ட் பேஸ் கேம்ப், ஓய்வு நாளும் டயமாக்ஸும்

நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு நடந்து ஏறும் பயணத்தின் நாள்வாரித் திட்டம், நடை தொடங்கும் லுக்லா முதல் கேம்ப்புக்கு முந்தைய கடைசி ஊரான கோரக் ஷெப் வரை, முந்தைய இழையில் இருக்கிறது. அதில் இரண்டு ஓய்வு நாள்களையும் வெட்டலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல்) வராமலிருக்க, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் நாளுக்குச் சுமார் 500 மீட்டர்தான் கூடலாம். ஆகவே நாம்சே (3,440), திங்போசே (4,410) இரண்டிலும் கூடுதலாக ஓர் இரவு. பெயர்தான் ஓய்வு, பகலில் முந்நூறு, நானூறு மீட்டர் ஏறிவிட்டு இறங்கி வந்து தூங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் மாத்திரையான டயமாக்ஸ் (அசிட்டசோலமைடு) வழக்கமாக 125 மி.கி., காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மாத்திரையின் வேலை, பயப்பட வேண்டாம். யாருக்காவது தலைவலியோடு நடை தள்ளாடினால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவோடு இரவாக அவரைக் கீழே இறக்குங்கள்.

பவர் பேங்க் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும். குளிரில் சார்ஜ் நிற்காது.