தன்பால் திருமணம்: சட்டம் இல்லாததால் எது எது நின்றுபோகிறது, எதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம்?

கடற்காகம் கேட்டது:
இந்த விவாதம் எங்கே நடந்தாலும் பண்பாடு, மேல்நாட்டு மோகம், இயற்கை என்ற மூன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்குத் தெரிய வேண்டியது நடைமுறை. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் எதை மறுத்தது, எதை விட்டுவைத்தது? தமிழ்நாட்டில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள். இருவருக்கும் வேலை இருக்கிறது. வீடு ஒருவர் பெயரில். இவர்கள் என்னென்ன எழுதி வைத்துக்கொள்ளலாம்? நாளைக்குச் சட்டமே வந்தால் மற்றவர்களின் திருமணத்துக்கு என்ன ஆகும்?

வழக்காடி_மதுரை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒரே கருத்து. திருமணம் என்ற பெயர் இல்லாமல் இணையராகப் பதிந்துகொள்ளும் உரிமை, சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை ஆகிய இரண்டில்தான் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். சந்திரசூட், கவுல் இருவரும் தரலாம் என்றார்கள். பட், கோலி, நரசிம்மா மூவரும் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

மதம் பாராமல் மணந்துகொள்ள வழி செய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் (1954) சிக்கல் எங்கே என்பதையும் பாருங்கள். 4ஆம் பிரிவு "எந்த இரு நபர்களும்" என்றுதான் தொடங்குகிறது. அதே பிரிவில் கொஞ்சம் கீழே வந்தால் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது வருகிறது. ஜீவனாம்சம் மனைவிக்கு, விவாகரத்துக் காரணங்களில் சில மனைவிக்கு மட்டும். ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் வாரிசுரிமைச் சட்டம் வரைக்கும் இழுபடும் என்பதுதான் நீதிமன்றத்தின் தயக்கம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அதையே சாக்காக வைத்து நாடாளுமன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை ஏற்க முடியாது.

திருநங்கை, திருநம்பிகள் விஷயம் வேறு. ஆண்-பெண் உறவாக இருந்தால் இருக்கிற சட்டத்திலேயே மணக்கலாம் என்று அதே தீர்ப்பு உறுதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை 2019லேயே, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சொல்லி, பதிய மறுத்த திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாக வாழத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும் கூறியது. மனதுக்குத் தெம்பு தரும் வரிதான். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை வைத்து எதையும் பதிய முடியாது.

ஆவண எழுத்து:
வீட்டிலிருந்து தொடங்குகிறேன். உடைமையாளர் இந்துப் பெண், மணமாகாதவர், வீடு அவரே சம்பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். உயில் இல்லாமல் இறந்தால் சொத்து தாய் தந்தைக்கு, அவர்களும் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு. முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் வாரிசுப் பட்டியலில் எந்த இடத்திலும் இல்லை.

அதனால் உயில் கட்டாயம். முத்திரைத்தாள் தேவையில்லை. சாட்சிகள் இருவர். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். தவறு நடப்பது சாட்சியில்தான். சொத்தைப் பெறப்போகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால், கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சொத்து அவரைச் சேராமலே போய்விடும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அண்ணன் தம்பிகள் வழக்குப் போட நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பெறுபவர் உயில் எழுதும் இடத்திலேயே இருக்க வேண்டாம். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் சிறியவர்களாக இருக்கட்டும். நாளை கோர்ட்டில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். பெற்றோருக்கு ஏன் எழுதவில்லை என்று உயிலிலேயே இரண்டு வரி எழுதுங்கள். முஸ்லிம்களுக்கு, வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிவிடலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பத்துக்குள் தானசெட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். வெளியாருக்கு 7 சதவீதம். அதோடு, உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் வரும் தானம் வாங்குபவரின் வருமானமாகி வரி விழும். கணவன் மனைவிக்கு இந்த வரி இல்லை. உயில் வழியாக வந்தாலும் இல்லை. இனி வாங்கும் சொத்தாக இருந்தால் முதலிலேயே இருவர் பெயரிலும் வாங்கி, அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பங்கைக் கட்டுங்கள்.

பவர் பத்திரத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செத்துப்போகும்.

குறிஞ்சிப்பூ:
வங்கிக்கு நாமினி போட்டால் போதும் என்று பலர் நினைப்பதால் சேர்க்கிறேன். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுக்கோ உயிலில் உள்ளவருக்கோ போகும். 2023 டிசம்பரில் பங்குகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. கூட்டுக் கணக்குத் தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதன் நகலைக் கையோடு கொண்டு போங்கள். கவுண்டரில் இருப்பவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. பி.எஃப். கொஞ்சம் கடினம்: விதிப்படி குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரைத்தான் நியமிக்க முடியும், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் குடும்பத்தில் அடக்கம்.

தத்தெடுப்பைப் பத்திரத்தால் ஈடுகட்டவே முடியாது. 2022 விதிகளின்படி தம்பதி என்றால் இரண்டு வருட மணவாழ்க்கை வேண்டும். தனிப் பெண் தத்தெடுக்கலாம், ஆனால் சட்டத்தில் அந்தக் குழந்தைக்கு அவர் ஒருவரே தாய். அவர் இறந்தால், வளர்த்த இன்னொருவர் அந்நியர். இந்த விவாதத்தில் பெரிய அநியாயம் இதுதான் என்பேன், ஏனென்றால் அடி வாங்குவது குழந்தை.

செங்காந்தள்:
மற்றவர்களின் திருமணத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். தாய்லாந்தைப் பாருங்கள். 2025 ஜனவரி 23 முதல் அங்கே தன்பால் திருமணச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சிவில் சட்டத்தில் கணவன், மனைவி என்றிருந்த இடங்களில் இணையர் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே மணமானவர்களின் உரிமை ஒன்றும் குறையவில்லை. தந்தை, தாய் என்ற சொற்களை மட்டும் தொடாமல் விட்டார்கள், அதனால் பெற்றோர் உரிமை விஷயத்தில் இழுபறி இருக்கிறது. தைவானும் 2019இல் இணையர் பெற்ற குழந்தையை மட்டுமே தத்தெடுக்கலாம் என்று பாதியில் நிறுத்தியது. அதைச் சரிசெய்ய 2023 ஆனது.

நமக்கு இதைவிடப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொன்னது. பிள்ளைகளின் வாரிசுரிமையே கேள்விக்குறியானது. இந்துத் திருமணச் சட்டத்துக்கான தமிழ்நாட்டின் 1967 திருத்தம் 7ஏ பிரிவைக் கொண்டுவந்து, முன்பு நடந்த திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. மாலை, மோதிரம், தாலி எதுவானாலும் சரி. ஐயர் வைத்துச் செய்த ஒரு கல்யாணமும் அதனால் கெடவில்லை. அந்தப் பிரிவும் "இரு இந்துக்கள்" என்று தொடங்கி, ஒருவரை ஒருவர் மனைவியாகவோ கணவனாகவோ ஏற்பதாக அறிவிக்க வேண்டும் என்று முடிகிறது. திருத்த வேண்டிய இடம் அங்கே.

கடற்காகம்:
எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனைப் படிவத்தில் "நோயாளிக்கு உறவுமுறை" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆவண எழுத்து:
"இணையர்" என்றே எழுதி, கூடவே தாளைக் கொடுங்கள். இரண்டு தாள் வேண்டும். மனநல மருத்துவச் சட்டத்தின் (2017) 14ஆம் பிரிவில் பிரதிநிதியை நியமிக்க வெள்ளைத்தாளும் கையெழுத்தும் போதும். ஆனால் அது மனநல சிகிச்சைக்கு மட்டும். தீராத நோயில் உயிர்காப்புக் கருவிகள் பற்றிய முன்விருப்ப ஆவணத்துக்கு இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் வேண்டும். 2023 ஜனவரியில்தான் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவையில்லை என்று ஆக்கினார்கள். அதில் யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் எழுதுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும், ஃபோட்டோ இருவர் கைபேசியிலும். விபத்து நடந்த இரவில் பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.