அண்ட், பட், ஸோ: கமா எங்கே வரும்? ஆசிரியர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் நம்ம தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பத்தாவது பரீட்சை எழுதப் போகிறவர்கள். கற்பனையாக, அழகாக எழுதுகிறார்கள், கமாவில்தான் தடுமாற்றம்.

இதுவரை சொல்லிக் கொடுத்தது இதுதான். அண்ட், பட், ஸோ போன்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய முழு வாக்கியம் இருந்தால், அதற்கு முன்னால் கமா. 'ரவி ரீச்ட் சயான், பட் த டிரெயின் ஹேட் லெஃப்ட்.' பின்பாதியில் தனி எழுவாய் இல்லையென்றால் வேண்டாம்: 'ரவி ரீச்ட் சயான் அண்ட் டுக் எ பஸ்.' பிகாஸ் நடுவில் வந்தால் பொதுவாகக் கமா கிடையாது. அதுவே முதலில் வந்தால், அந்தப் பகுதி முடிகிற இடத்தில் கமா. இவ்வளவும் புரிந்துவிட்டது.

சிக்கல் பட்டியலில். 'இட்லி, வடை, அண்ட் காபி' என்று கடைசி அண்டுக்கு முன் வருகிற ஆக்ஸ்ஃபோர்டு கமாவை ஒரு புத்தகம் போடுகிறது, இன்னொன்று போடுவதில்லை. அற்ப விஷயமில்லை இது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில் அந்த ஒரு கமா இல்லாததால் எழுந்த பால் வண்டி ஓட்டுநர்களின் ஓவர்டைம் வழக்கு, 2018-ல் 50 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

மகாராஷ்டிரா போர்டு விடைத்தாள் திருத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்: இதற்கு மார்க் குறைப்பார்களா? 'ஐ ரேன் அண்ட் ஹி வாக்ட்' போன்ற குட்டி வாக்கியத்தில் கமாவை விட்டால் பரவாயில்லையா? பயிற்சித் தாள் இருந்தாலும் அனுப்புங்கள், பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.