பழைய மதராஸ் ஆவணங்களில் 'ஃபேக்டரி', 'ரைட்டர்', 'மலபார்': அன்றைய பொருளை எப்படிப் பிடிப்பது?

கோட்டைக்கரையான் (கேள்வி)

புனித ஜார்ஜ் கோட்டை கவுன்சிலின் நடவடிக்கைக் குறிப்புகளில் 1670 முதல் 1750 வரை உள்ள சில பகுதிகளைத் தமிழாக்கம் செய்ய வேண்டும். மூலச் சுவடி அல்ல, மதராஸ் அரசு அச்சகம் நூலாகப் போட்ட பதிப்பு. அதனால் கையெழுத்துச் சிக்கல் இல்லை. கடினமான சொல் வந்தாலும் கவலையில்லை, அகராதியைப் புரட்டிவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்தான் காலை வாருகிறது.

மசூலிப்பட்டினத்தில் 'ஃபேக்டரி', விசாகப்பட்டினத்தில் 'ஃபேக்டரி' என்று வருகிறது. அங்கே என்ன உற்பத்தி செய்தார்கள்? 'ரைட்டர்' என்று பட்டியல் போட்டுச் சம்பளம் எழுதுகிறார்கள், எழுத்தாளர்களா? 'இன்வெஸ்ட்மென்ட்' தாமதம் என்கிறார்கள், எதில் முதலீடு என்று சொல்வதில்லை. 'கன்ட்ரி ஷிப்' எந்த நாட்டுக் கப்பல்? 'மலபார்' மொழியில் எழுதிய கடிதம் என்றால் மலையாளமா?

சொல் சொல்லாக விடை வேண்டாம், தேடும் வழியைச் சொன்னால் போதும். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்கு இணையச் சந்தா கட்டும் வசதி இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்

வழியைப் பிறகு யாராவது சொல்லட்டும். நீங்கள் கேட்ட சொற்களை முதலில் முடித்துவிடுகிறேன். 'மலபார்' தவறினால் மொழிபெயர்ப்பே கெட்டுப்போகும்.

சோழமண்டலக் கரை ஆவணங்களில் 'மலபார்' மொழி என்றால் தமிழ். மலையாளம் அல்ல. போர்த்துக்கீசியர் மேற்குக் கரையில் முதலில் இறங்கி, அங்கே வழங்கிய பெயரை இந்தப் பக்கமும் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். இதற்குச் சான்று நம் வேப்பேரியிலேயே அச்சானது: 1779-இல் ஃபப்ரீஷியஸ் வெளியிட்ட தமிழ் அகராதியின் தலைப்பே 'மலபார் அன்ட் இங்கிலிஷ் டிக்‌ஷனரி'. ஐரோப்பியர் வழக்கமாக மலபார் மொழி என்று அழைக்கும் தமிழ் என்று தலைப்புப் பக்கமே விளக்கமும் தருகிறது. கூடவே 'ஜென்டூ' என்றொரு சொல்லும் வரும். போர்த்துக்கீசியத்தில் அது புறச்சமயத்தவரைக் குறித்த சொல். வங்காளத்தில் இந்துக்கள் எல்லாரையும் குறித்தது. மதராஸில் சுருங்கித் தெலுங்கரையும் தெலுங்கு மொழியையும் குறித்தது. ஆக 'ஜென்டூ அன்ட் மலபார்' என்று சேர்ந்து வந்தால் தெலுங்கும் தமிழும்.

'ஃபேக்டரி': 'ஃபேக்டர்' என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக முகவர். அவர் தங்கிச் சரக்கு வாங்கிச் சேர்த்து வைக்கும் இடம் ஃபேக்டரி. தொழிற்சாலை என்று போட்டால் 1611-இல் மசூலிப்பட்டினத்தில் புகைபோக்கி முளைத்துவிடும். 'வணிக நிலையம்' அல்லது 'பண்டகசாலை' என்று எழுதுங்கள். பொருள் செய்யும் இடத்துக்கு அந்தக் காலத்தில் 'மானுஃபேக்டரி' என்ற நீண்ட சொல்லும் உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'ரைட்டர்' கம்பெனி ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று. அதற்கு மேலே ஃபேக்டர், பிறகு இளநிலை வணிகர், முதுநிலை வணிகர். எலிஹு யேல் 1672-இல் கோட்டைக்கு வந்தது ரைட்டராக, 1687-இல் ஆளுநரானார். ராபர்ட் கிளைவ் 1744-இல் வந்திறங்கியதும் அதே வேலைக்குத்தான். தமிழில் 'எழுத்தர்' பொருந்தும். நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் 'ரைட்டர்' இருக்கிறாரே, அவர் இந்தப் பழைய பொருளின் நேர் வாரிசு.

'இன்வெஸ்ட்மென்ட்': கம்பெனி வழக்கில் லண்டனுக்கு அனுப்புவதற்காக வாங்கும் சரக்கு, மதராஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் துணி. 'சரக்குக் கொள்முதல்' என்று போட்டுப் பாருங்கள், தாமதம் ஏன் என்று உடனே புரியும். நெசவாளருக்கு முன்பணம் போய்ச் சேர்ந்து, துணி வந்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி, காற்று மாறுவதற்குள் கப்பலில் ஏற்ற வேண்டும்.

'கன்ட்ரி ஷிப்' ஆசியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் கப்பல். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை நினைவில் 'நாட்டுக் கப்பல்' என்று எழுதக் கை துடிக்கும். எழுதினால், உள்ளூர்க்காரர் கப்பல் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பல கப்பல்களின் சொந்தக்காரர்கள் ஆங்கிலேயத் தனி வணிகர்கள்தான்.

'பியூன்' வந்தால் அலுவலக உதவியாளர் என்று போட்டுவிடாதீர்கள். அன்று அவர் கையில் தேநீர் இல்லை, ஆயுதம் இருந்தது. 'காவல் சேவகன்' சரி.

அகராதிப்பூச்சி

வழியை நான் சொல்கிறேன். சந்தா வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பு 1884-இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928-இல் முடிந்தது. அதன் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடக்கின்றன. 1750 வரையுள்ள பொருளுக்கு அது தாராளம்.

சொல்லைத் தேடும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், எழுதியவர் மதராஸில் இருந்தாரா லண்டனில் இருந்தாரா. ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் ஒரு சொல்லுக்கு வேறு வேறு பொருள் இருக்கலாம், ஜென்டூவைப் பார்த்தீர்களே.

அப்புறம் அகராதியில் பொருளை விட்டுவிட்டு மேற்கோள்களின் ஆண்டுகளைப் பாருங்கள். அந்த அகராதி பொருள்களைப் பழமை வரிசையில் அடுக்கும். ஒன்று என்று எண் போட்டிருப்பது மூத்த பொருள், வழக்கில் முதன்மையான பொருள் அல்ல. மெரியம்-வெப்ஸ்டரும் பழமை வரிசைதான். மாணவர்களுக்கான இன்றைய அகராதிகளோ அதிகம் புழங்கும் பொருளை முன்னால் வைக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் 'முதல் பொருளை' எடுப்பதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். தலைப்பில் குத்துவாள் குறி (†) இருந்தால் வழக்கொழிந்தது என்று அர்த்தம். உங்கள் ஆவணத்தின் ஆண்டு, ஒரு பொருளின் முதல் மேற்கோளுக்கும் கடைசி மேற்கோளுக்கும் நடுவே விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு பொருள்களின் காலத்துக்குள்ளும் விழுந்தால் (அடிக்கடி விழும்) அகராதி தீர்ப்பு சொல்லாது, சூழல்தான் சொல்ல வேண்டும். 'பிரசென்ட்லி' அப்படிப்பட்ட சொல்: 'உடனே', 'சற்று நேரத்தில்', 'இப்போது' மூன்றும் அதற்கு உண்டு. கப்பல் பிரசென்ட்லி புறப்படும் என்றால் எப்போது புறப்பட்டது என்று அடுத்த சில நாள் குறிப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு ஜான்சனின் 1755 அகராதியும் இணையத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கு ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி. 1886-இல் யூலும் பர்னெலும் தொகுத்தது, பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1903 பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. மேலே பேசிய ஃபேக்டர், ஜென்டூ, மலபார், பியூன் எல்லாவற்றுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள் அதில் கிடைக்கும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல்லை அதே ஆவணத்தில் அந்தச் சொல் வரும் வேறு நாலு இடங்களில் பொருத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் இடறினாலும் பொருளை மறுபடி தேட வேண்டும். 'வான்ட்' இதில் நன்றாக மாட்டும். 'விரும்பு' என்று வைத்தால் ஏதோ ஓர் இடத்தில் கோட்டைக்காரர்கள் அரிசியை விரும்புவார்கள், இன்னோர் இடத்தில் பீரங்கிக்கு மருந்து 'விரும்பப்படும்'. 'இல்லாமை, பற்றாக்குறை' என்று வைத்தால் எல்லா இடமும் நேராகும்.

ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று நூல்களை வைத்துக் கோடு போட்டுக் காட்டும் கூகுள் என்கிராம் பக்கம் போகாதீர்கள். அது சொல்லின் எழுத்து வடிவத்தை எண்ணும், பொருளை எண்ணாது. போதாக்குறைக்கு 1800 வரை அச்சில் இருந்த நீண்ட 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடுவதால், பழைய நூற்றாண்டின் கோடுகளை நம்பவே முடியாது.

பெரியதெரு மெஸ்

அருமையான இழை. இரண்டு காசுகளை நானும் போடுகிறேன். திருவல்லிக்கேணி 'மெஸ்' கூடப் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்தபோது அது இலையில் வைத்த ஒரு பரிமாறல். பிறகு சேர்ந்து உண்ணும் கூட்டம். பட்டாளத்து மெஸ் அதுதான். கூழாகக் கலந்த உணவையும் குறித்ததால் 'குழப்பம், அலங்கோலம்' என்ற இன்றைய பொருள் கடைசியாக ஒட்டியது. பைபிளில் ஏசா தலைமகன் உரிமையை விற்று வாங்கிய பயற்றங்கூழை ஆங்கில மரபுத்தொடர் இன்றும் 'மெஸ்' என்றே சொல்கிறது.

இன்னொன்று நம் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்ற தொடரில் 'லெட்' என்றால் தடை. அனுமதி என்ற இன்றைய பொருளுக்கு நேர் எதிராகத் திரும்பிவிட்டது பாருங்கள்.

அகராதிப்பூச்சி

மெஸ் சரி. பாஸ்போர்ட் சரியில்லை, மன்னிக்கவும். அங்கே பொருள் திரும்பவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'தடு' என்பதற்கு ஒரு வினை, 'விடு' என்பதற்கு இன்னொரு வினை, இரண்டும் ஒலியில் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. டென்னிஸில் பந்து வலையில் உரசினால் சொல்லும் 'லெட்'டையும் தடை என்ற சொல்லோடுதான் சேர்க்கிறார்கள். தமிழில் ஆறு என்ற எண்ணும் ஆறு என்ற நதியும் போல. பொருள் மாற்றம் என்று எழுதும் முன் அகராதியில் அது ஒரே தலைச்சொல்லா, இரண்டு தலைச்சொல்லா என்று பார்த்துவிட வேண்டும்.

உண்மையான மாற்றம் வேண்டுமானால் நம்மிடமே கொட்டிக் கிடக்கிறது. எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய் இன்று மண்ணெண்ணெய் வரை விரிந்துவிட்டது. எல்லா உலோகத்துக்கும் பொதுவாக இருந்த பொன் தங்கமாகச் சுருங்கிவிட்டது. நாற்றம் இறங்கியது, குறளில் சூதாடும் இடமாக இருந்த கழகம் பல்கலைக்கழகமாக ஏறியது. ஆங்கிலத்தில் 'மீட்' எந்த உணவாகவும் இருந்து இறைச்சியாகச் சுருங்கியதும், 'சில்லி' பேறு பெற்றவனிலிருந்து அசடனாக இறங்கியதும் இதே வழிதான். அதற்காக மூலப்பொருளே 'சரியான' பொருள் என்று யாராவது வாதிட்டால், அவரிடம் உங்கள் சமையலில் நல்ல நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

கோட்டைக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. 'வான்ட்' சோதனையைச் செய்தேன், மூன்று பத்திகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. 'மலபார்' வரும் இடமெல்லாம் 'தமிழ்' என்று மாற்றிவிடலாமா, அடிக்குறிப்புப் போட வேண்டுமா?

ஏட்டுச்சுரைக்காய்

ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள். மொழி, எழுத்து, கடிதம், ஆட்கள் என்று வந்தால் தமிழ். 'மலபார் கோஸ்ட்' என்று கரையோடு சேர்ந்து வந்தால் மேற்குக் கரையேதான்; மிளகு, தலைச்சேரி, அஞ்சுதெங்கு பக்கத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே கடிதத்தில் இரண்டும் வரும். முதல் இடத்தில் அடிக்குறிப்பு, பிறகு உரையில் 'தமிழ்', பின்னிணைப்பில் மூலச்சொல் எந்தப் பக்கத்தில் எப்படி வந்தது என்று ஒரு பட்டியல். ஃபைண்ட்-ரீப்ளேஸ் பொத்தானைத் தொடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.