மிமிக்ரிக்குத் தமிழ்ச்சொல்: ‘போன்மை’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஓர் உயிரினம் வேறோர் உயிரினத்தைப் போல இருந்து பயன்பெறுவதை உயிரியலில் மிமிக்ரி என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வேடம்’, ‘போலி’, ‘ஒப்புரு’ என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. அகராதியில் பொருள் பார்ப்பதோடு நில்லாமல், கறிவேப்பிலை அழகிப் பட்டாம்பூச்சியிடம் இவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1860-களில் இயற்கையியலாளர் வாலஸே வியந்து எழுதிய பூச்சி அது.

அதன் ஆண் கறுப்பு. பின்னிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசை ஒன்று ஓடும். பெண்ணுக்கோ இந்தியாவில் மூன்று வடிவங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போலவும் மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். அவ்விரு அழகிகளின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி போன்ற செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. இறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு உடலில் தங்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை விலகிவிடும். கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளரும் நம் பூச்சிக்கு அந்த நஞ்சு கிடையாது. ஆயினும் இறகின் கோலத்தால் பெண் தப்பிவிடுகிறது.

இதை ‘வேடம்’ என்றால் விரும்பிப் போட்டு வேண்டாதபோது களைவது என்றாகிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போதே பெண்ணின் வடிவம் முடிவாகிவிடுகிறது, சாகும்வரை மாறாது. அதைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணு என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பூச்சியின் விருப்பத்துக்கு இதில் இடமே இல்லை. ‘போலி’யைக் கேட்டதும் போலி மருத்துவரும் போலிச் சான்றிதழும்தான் நினைவுக்கு வருகின்றன. தனக்கென ஒரு வாழ்க்கை உள்ள உயிரை இப்படி இழிக்கும் சொல்லை மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தவிர, ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாததை இலக்கணம் ஏற்கெனவே எழுத்துப்போலி என்கிறது.

‘ஒப்புரு’ நல்ல சொல்தான், ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. சிவப்புடல் அழகியின் உடல், பெயருக்கேற்பச் சிவப்பு. அதைப் போன்ற பெண்ணின் உடலோ கறுப்பு. களத்தில் இரண்டையும் பிரித்தறிவதே இதை வைத்துத்தான். இறகு போலிருக்கிறது, உடல் அப்படியில்லை. முழு ஒப்பு எங்கே இருக்கிறது? அடுத்து, ‘உரு’ என்றதும் வடிவத்தோடு நின்றுவிடுகிறோம். வௌவால்களை விலக்க ஒலியெழுப்பும் அந்துப்பூச்சிகளிடையே ஒலியிலும் மிமிக்ரி உண்டு. அதற்கு இச்சொல் உதவாது.

ஆகவே ‘போன்மை’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இல் இன்மை ஆவதுபோல், அல் அன்மை ஆவதுபோல், போல் போன்மை ஆகிறது. ஒன்று மற்றொன்றைப் போல இருக்கிறது என்பதற்கு மேல் இச்சொல் எதையும் சேர்ப்பதில்லை. ஏமாற்றும் நோக்கமோ முழுமையோ இதில் ஒட்டிக்கொண்டு வராது. போலப்படுவதை ‘மூல இனம்’ என்றும், போல்வதைப் ‘போல் இனம்’ என்றும் சொல்லலாம். ‘முன்மாதிரி’ வேண்டாம், அது பின்பற்றத்தக்க நல்லது என்ற பொருளைத் தருகிறது.

பாடநூல் வாக்கியமாக எழுதிப் பார்த்தேன்: “போல் இனத்தின் எண்ணிக்கை மூல இனத்தை விடப் பெருகினால் போன்மையின் பயன் குறையும், நஞ்சில்லாததை அடிக்கடி உண்ட பறவை அந்த நிறத்துக்கு அஞ்சாது.” தடையில்லாமல் படிக்க முடிகிறது.

நஞ்சில்லாதது நஞ்சுள்ளதைப் போலிருக்கும் இந்த வகையை இயற்கையியலாளர் பேட்ஸ் 1862-இல் விளக்கினார். இதைப் ‘பேட்ஸ் போன்மை’ என்றே வழங்கலாம். உயிரியலாளர் முல்லர் விளக்கிய வகையில் இரு இனங்களுக்கும் நஞ்சு உண்டு. எச்சரிக்கை நிறத்தை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே ‘முல்லர் போன்மை’ பொருந்தும், ஆனால் மூல இனம், போல் இனம் என்ற பிரிவு பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாக ‘இணை இனங்கள்’ என்று வைத்துக்கொள்ளலாமா? இந்த ஓர் இடத்தில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது; தங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.