புகை கடல் பக்கம் போனது

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போய் மீன் பிடித்தவர்களும் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களும் எழுதலாம் என்றீர்கள். நான் இரண்டாவது ரகம்.

வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில் அதற்குள் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். நீச்சல் பழகியது சிலைமான் பக்கம் ஒரு பம்ப்செட் கிணற்றில். கடலோடு உறவு என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டதுதான். என்னைக் கெடுத்தது என் மச்சினன்.

அவன் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பாவில் இருக்கிறான். 1880களில் தொடங்கி சுருட்டுப் பட்டறைகள் பெருகிய ஊர் அது. சுருட்டு நகரம் என்றே பட்டப்பெயர் உண்டு. லீவு நாளில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே கயாக்கைத் தள்ளிக்கொண்டு போவானாம். வாயில் சுருட்டு, கையில் தூண்டில். அங்கே ஸ்னூக் என்று ஒரு மீன், நம் கொடுவாய்க்குத் தூரத்துச் சொந்தம். அவன் இருக்கும் பக்கம் அது 28 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதுவும் அனுமதிக்காலத்தில் மட்டும். குறைந்தாலும் கூடினாலும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். "பெருசா மாட்டினா எதுக்குடா விடணும்?" என்று என் மாமியார் கேட்டார். பெரியதுதான் நிறைய முட்டை போடும் என்று சொல்லிப் பார்த்தான். அவர் சமாதானம் ஆகவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் ஊருக்கு வந்தவன், காற்றடைக்கிற கயாக் ஒன்றைப் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பேர் உட்காரலாம். கூடவே ஜிப் வைத்த பையில் ஆறு சுருட்டு. மாமியார் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கருப்பனுக்கு ஏதும் வேண்டுதலாடா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தான். அந்தப் பொய் பின்னால் எங்களுக்கே வினையானது.

ராத்திரி ஒரு மணிக்கு மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. அந்த ஊர் கடலுக்குள் நீட்டிய நாக்கு மாதிரி. தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத் தீவுகள் 21-ம் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. அதோடு ஆனி, ஆடியில் கச்சான் காற்று தெற்கே அடி பின்னி எடுக்கும். வடக்கே பாக் விரிகுடாவோ அதே மாதங்களில் குளம் மாதிரி கிடக்கும். வடக்குக் கடலைப் பெண் கடல், தெற்குக் கடலை ஆண் கடல் என்று அங்கே சொல்வார்கள். பெண் கடலில் பயம் என்ன என்று வடகரையில் இறங்கினோம். கடலோரக் காவலர் ஒருவர் வந்து ஆதாரைப் பார்த்தார், கயாக்கை அமுக்கிப் பார்த்தார், கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள் என்றார். மண்டையை ஆட்டினோம்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். கணவாய்த் துண்டைக் குத்தி ஈயக்குண்டோடு இறக்கினால் உடனே ஒரு சுண்டு. முள் மீனான ஓரா இரண்டு, பாறை மீன் குட்டி ஒன்று. மச்சினன் டேப்பை எடுத்து அளந்து, சின்னது என்று பாறைக்குட்டியை விட்டுவிட்டான். அப்புறம் ஆளுக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்தோம். கணவாய் தொட்ட விரலால் சுருட்டைப் பிடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புகையிலைக்குள் கருவாட்டுக் குழம்பு கொதிப்பது போல ஒரு வாடை வரும், கடைசி வரை போகாது.

நாங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். காற்று முதுகில் பட்டது. ஊதிய புகை கண்ணில் படாமல், முகத்தில் திரும்பாமல், நேராக முன்னால் போய்க் கரைந்தது. "பார்த்தீங்களா மச்சான், டாம்பாவுல கூட இப்படி அமையாது" என்றான். எனக்கும் ஏசி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி இருந்தது. அவன் சுருட்டு அணைந்து, இரண்டாம் தடவை பற்றவைக்க லைட்டரைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பியவன், திரும்பியபடியே இருந்தான். நானும் திரும்பினேன். கரையில் தென்னை தனித்தனியாகத் தெரியவில்லை. பச்சையாக ஒரு கோடுதான் தெரிந்தது.

கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. வடகரையில் அது நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரம் அலையே எழும்பாது, தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். ஆனால் காற்று காற்றுதானே, மிதக்கிற எதையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த கயாக் தண்ணீருக்குள் ஆழமாக உட்காராது, பாய் கட்டின மாதிரி ஓடும். நங்கூரம் இருந்தது. காரின் டிக்கியில் இருந்தது.

துடுப்பு போட்டோம். முக்கால் மணி நேரம். பச்சைக் கோடு கோடாகவே இருந்தது. என் உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, துடுப்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீர் அங்கேயே இறங்கியது. நல்லவேளை, வலை எடுத்துவிட்டுத் திரும்பிய வத்தை என்கிற நாட்டுப்படகு ஒன்று எங்களைப் பார்த்து அருகே வந்தது. பெரியவர் ஒருவரும் அவர் மகனும். கயிறு போட்டுக் கட்டினார்கள். பெரியவர் எங்கள் கையில் இருந்த அணைந்த சுருட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"பொகை எந்தப் பக்கம் போச்சு?"

"கடல் பக்கம்ங்கய்யா."

"பொறவு தெப்பம் மட்டும் வீட்டுக்கா போகும்?"

அவருக்கு ஒரு சுருட்டு நீட்டினோம். முகர்ந்து பார்த்துவிட்டு, பீடி போதும் என்று சொல்லிவிட்டார். டேப் வைத்து அளந்து மீனை விட்ட கதையை மகன் கேட்டு, கரை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

*

மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். உசிலம்பட்டிக்காரன் நான், எட்டு வருஷம் விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்தேன். கடல் காற்றில் சுருட்டு அணைவது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்து மீனவக் கிராமங்களில் வயதான பெண்கள் கங்கு இருக்கிற நுனியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சுருட்டுக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது தவறி வைத்துக்கொண்டார் என்று நினைத்துக் கத்திவிட்டேன்! காற்றிலும் சாரலிலும் அணையாது, கையும் வேலைக்கு ஒழியும் என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சூட்டில் மேலண்ணத்தில் புற்று வருகிறது. டாக்டர்கள் பல காலமாக எழுதிவரும் விஷயம்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

*

திண்டுக்கல். தாத்தா சுருட்டு உருட்டியவர், அதனால் ஒரு வார்த்தை. கடலுக்கு வெளிநாட்டுச் சரக்கு எதற்கு? அதில் ஒரு முனை மூடியிருக்கும், வெட்டுகிற கருவி வேண்டும், ஈரப்பதம் 65-70 சதவீதத்தில் பாதுகாக்க வேண்டும். நம் உறையூர்ச் சுருட்டு இரண்டு முனையும் திறந்தது. தீக்குச்சி உரசினால் முடிந்தது. சட்டைப் பையில் நசுங்கிக் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

*

ஓரா பிடித்ததாகச் சொல்கிறீர்கள், முதுகு முள் குத்தவில்லையா? எனக்குத் தொண்டியில் குத்தி, முழங்கை வரை கடுத்தது. ஃபிளாஸ்கில் இருந்த சூடான டீயை டம்ளரில் ஊற்றி, பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் விரலை முக்கி வைத்தார் கூட வந்தவர். சூட்டில் விஷத்தின் வேகம் அடங்கும். டீ போச்சே என்றுதான் அவருக்கு வருத்தம்.

*

முதல் பதிவை எழுதியவன்தான். ஓரா குத்தவில்லை, பயத்தில் தொடவே இல்லை, மச்சினன்தான் கழற்றினான். இரண்டும் மிளகுக் குழம்பில் போயின.

அடுத்த வாரமும் போனோம், நங்கூரத்தோடு. ஆனால் சுருட்டு இல்லை. மிச்சம் நான்கு இருந்திருக்க வேண்டும். வேண்டுதல் என்று அவன் சொன்னதை நம்பி மாமியார் குலதெய்வக் கோவிலுக்குப் போகும்போது எடுத்துப்போய் விட்டார். பூசாரி பற்றவைத்துப் பார்த்து, புகை வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தாராம். அங்கேயே அரிவாள்மனை கேட்டு வாங்கி, முனையை நறுக்கி, நான்கையும் கருப்பனுக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.