இருட்டிய பிறகு வெளியே போக முடியாத ஊரில் கேம் தவிர என்ன செய்யலாம்?

தேயிலைக்கணக்கு (கேள்வி):

வணக்கம். கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. பச்சைத் தேயிலை எடையைச் சிறு விவசாயிகள் பெயரில் வரவு வைத்து முடிக்க ஐந்து மணி ஆகிவிடும். ஐந்தரைக்கு வீடு. காபி குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஹெட்செட் மாட்டினால் கழற்றுவது நடுராத்திரிக்கு மேல்தான். காலையில் கண் எரிச்சலோடு எழுந்து, குளிக்காமல் வேலைக்கு ஓடுகிறேன். வேலையில் தப்பு வரவில்லை, கடன் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. ஆனால் கேமைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச ஒரு விஷயம் இல்லை.

யோசனை சொல்கிற எல்லோரும் 'சாயங்காலம் ஒரு நடை போ, கிரவுண்டுக்குப் போய் ஷட்டில் ஆடு' என்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு அது சரி. எங்கள் தெருவில் இருட்டினால் கரடி வரும். கோயில் விளக்கெண்ணெய்க்குக் கதவையே பெயர்க்கிற கரடிகள் இவை. கரடி இல்லாத அன்று காட்டெருமை நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழை விட்டால் மூடுபனி. ஆறு மணிக்கு மேல் எங்களுக்கு வீடுதான் உலகம்.

கேமை அழித்துவிடு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை அரசாங்கமே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டது. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ-யை (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) தூக்கினார்கள், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. நடுவில் நான் என்ன புத்தகமா படித்தேன்? வேறு கேமுக்குப் போனேன்.

அப்புறம், என் அணியில் இருக்கிற மற்ற மூன்று பேரும் பள்ளிக்கூட நண்பர்கள். ஒருவன் திருப்பூர், ஒருவன் ஓசூர், ஒருவன் கத்தார். ஆடும்போதுதான் பேசிக்கொள்கிறோம். கேமை விட்டால் அவர்களையும் விட்டதாகிவிடும். கித்தார் வாங்கிப் பார்த்தேன், அது சுவரில் இருக்கிறது. உருப்படியாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ரேங்க்புஷ்:

ப்ரோ, ஒன்பது மணிக்கு போனை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். காலையில்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வேலை செய்தது.

தேயிலைக்கணக்கு:

அம்மா சீரியல் பார்ப்பதே என் போனில்தான். கொடுத்தால் அவர் தூங்க மாட்டார்.

தபால்பை:

தம்பி, நான் உங்கள் பக்கத்து ஆள்தான். கிளை அஞ்சலகத்தில் வேலை. ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர்கள்) நடந்து தபால் பட்டுவாடா செய்வதில் பாதி ஆயுள் போய்விட்டது. என் மகனும் உங்களைப் போலத்தான் ஆடுவான், அதனால் ஹெட்செட் மாட்டினவர்களைத் திட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் சாயங்காலத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நம் மலையில் சாயங்காலம் மனிதருக்கு இல்லை, அதை விட்டுவிடுங்கள். நமக்குக் கிடைத்திருப்பது காலை. விடிந்து வெளிச்சம் வந்தபிறகு, பள்ளிக்கூட வண்டிகள் கிளம்புமுன் ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதில் ரோடு நம்முடையது. (நன்றாக விடிந்தபிறகு. விடியுமுன் கிளம்பினால் கரடி வீடு திரும்புகிற நேரம், குறுக்கே போகக் கூடாது.)

வீட்டுக்குப் பால் யார் வாங்குகிறார்கள்? அம்மா என்றால் நாளையிலிருந்து நீங்கள் வாங்குங்கள். நடைப்பயிற்சி என்று பெயர் வைத்தால் நான்கு நாளில் நின்றுவிடும். பால் வாங்காமல் இருக்க முடியாது, காபி வேண்டுமே. போகும்போது காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடைப் பக்கம் யாரோ ஒரு பையன் பாட்டு மறந்துபோய் வாய்க்கு வந்தபடி விசில் அடித்துக்கொண்டு போவது மாதிரி கேட்கும். ஆள் இருக்க மாட்டான். அது சீகாரப் பூங்குருவி, கருநீலத்தில் இருக்கும். கம்பியில் கொண்டையோடு உட்கார்ந்து, கன்னத்தில் சிவப்புப் பொட்டோடு சளசளப்பது செம்மீசைச் சின்னான். இந்த இரண்டில் ஆரம்பியுங்கள், போதும்.

நான் பை தூக்கிக்கொண்டு நடந்தபோது பார்த்ததைப் பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைப்பேன். இப்போது மகன் போனில் இபேர்ட் என்ற பறவைக் கணக்குச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். எத்தனை நிமிடம் நின்றோம், எந்தப் பறவை எத்தனை என்று போட்டால் கணக்கு அதுவே வைத்துக்கொள்ளும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல மெர்லின் என்று ஒரு செயலி, கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் இலவசமாகக் கொடுப்பது. இந்தியாவுக்கான தொகுப்பை முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் அது சொல்வதை அப்படியே எழுதாதீர்கள், கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். அணில் கத்தினாலும் சில சமயம் அதற்கு ஒரு பறவைப் பெயர் வைத்துவிடும்.

கேம்காரர்களுக்குப் பிடிக்கும் ஒன்றும் அதில் இருக்கிறது. மாவட்டவாரியாக யார் எத்தனை வகை பார்த்திருக்கிறார்கள் என்று வரிசை போட்டுக் காட்டும். என் மகன் தினமும் அதைத்தான் முதலில் திறக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ரேங்க்கை விட்டு இன்னொரு ரேங்க்குக்கு வந்த கதை. உங்களை அதுதான் இழுக்கிறது என்றால் இழுத்துவிட்டுப் போகட்டும், விடியலில் வெளியே நிற்கிறீர்கள் அல்லவா.

நண்பர்களை விட வேண்டாம். சனி, ஞாயிறு ராத்திரி அவர்களோடு ஆடுங்கள். மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் ஆடினால் காலையில் பறவை போய்விடும் என்பதை உங்கள் கண் எரிச்சலே சொல்லிக் கொடுக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். பொங்கல் விடுமுறையில் அவரவர் இருக்கும் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும். அதுவரை பால் வாங்கிக்கொண்டே இருங்கள்.

கரும்பலகை:

தபால்பை அக்கா சொன்ன பால் விஷயத்துக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுவதுதான் வழி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோரும் 'காலை உணவுக்குப் பிறகு இதைச் செய்வேன்' என்பதுபோல ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தச் செயல் தானாக வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

'21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்று வாட்ஸப்பில் வருவது வேறு கதை. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது. அதில் 'குறைந்தது' உதிர்ந்துபோய் மீதிதான் சுற்றுகிறது. ஆகவே ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று கித்தார் பக்கத்தில் பறவையையும் மாட்டிவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஒரு வரி: வேலை, படிப்பு, சாப்பாடு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் ஒரு வருடமாக ஆடுகிறார்கள் என்றால் அது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கேள்வி கேட்டவர் அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜீப்_கொடைக்கானல்:

எல்லோரும் காலை காலை என்கிறீர்கள். ராத்திரி முழித்துப் பழகினவன் ராத்திரியிலேயே ஏதாவது செய்யட்டுமே? நான் பழனி மலையில் ஜீப் ஓட்டுகிறேன். சீசன் இல்லாத மாதத்தில் வேலை குறைவு, எங்களுக்கும் காட்டெருமை உண்டு, ஆறு மணிக்கு வீடுதான். நான் மொட்டைமாடிக்குப் போனேன். மாடிக்குக் காட்டெருமை ஏறாது.

எங்கள் ஊரில் 1899-இலிருந்து சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கம் ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். டூரிஸ்டுகளுக்கு இதை ஒப்பித்துக்கொண்டே இருந்தேனே தவிர, நான் வானத்தைப் பார்த்ததில்லை. ஒரு வெளியூர்க்காரர் ஜீப்பில் ஏறி 'இப்போது மேலே தெரிவது என்ன?' என்று கேட்டார். முழித்தேன். அன்றிலிருந்து ஆரம்பம்.

நமக்குப் பேர் எல்லாம் தெரியும், இடம்தான் தெரியாது. தை மாதம் எட்டு மணிக்குத் தலைக்கு மேலே பாருங்கள், சின்னக் கொத்தாக இருப்பது கார்த்திகை. வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம், பைனாகுலரில் இன்னும் பல. அதற்குக் கிழக்கே சிவப்பாக இருப்பது ரோகிணி. கல்யாணத்தில் ஐயர் பகலில் காட்டுகிற அருந்ததியைச் சித்திரை மாதம் ராத்திரி வடக்கே நிஜமாகவே பார்க்கலாம், வசிஷ்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். வியாழன் இருக்கிற மாதம் என்றால் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பைனாகுலரில் பாருங்கள், இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக நிலாக்கள். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.

ஆடி, ஆவணியில் வானமே தெரியாது, அப்போது நீங்கள் கேமே ஆடலாம். கம்பளிக் குல்லாய் இல்லாமல் மாடி ஏறாதீர்கள்.

தேயிலைக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் பால் நான் வாங்கினேன். அம்மா சந்தேகமாகப் பார்க்கிறார், யாரையோ பார்க்கப் போகிறேன் என்று நினைக்கிறார் போல. விசில் கேட்டது, ஆனால் பறவையைப் பார்க்க முடியவில்லை. தொழிற்சாலை வாசலில் சாம்பலும் மஞ்சளுமாக ஒன்று ரோட்டில் ஓடி ஓடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, அது என்ன? ராத்திரி நண்பர்களிடம் சொன்னேன். கத்தார்க்காரன் அங்கே மைனா இருக்கிறது என்று போட்டோ அனுப்பினான். கேமை நிறுத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

பைனாகுலர் எது வாங்குவது? ஆன்லைனில் 30 மடங்கு, 60 மடங்கு என்றெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக்காட்டுக்குச் சும்மா போகலாமா?

தபால்பை:

வாலாட்டினது சாம்பல் வாலாட்டி. வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து செப்டம்பர் வாக்கில் வந்து, வெயில் காலத்தில் திரும்பிப் போய்விடும். எழுதி வையுங்கள், முதல் கணக்கு.

60 மடங்கை வாங்காதீர்கள், கை நடுக்கம் எல்லாம் அறுபது மடங்காகத் தெரியும். பறவைக்கு 8x42 என்று எழுதியிருப்பது பார்த்து வாங்குங்கள். எட்டு மடங்கு, முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். சோலைக்குள் இருட்டாக இருக்கும், அந்தக் கண்ணாடி அகலம் அங்கே உதவும். கொடைக்கானல் தம்பி சொன்ன கார்த்திகைக்கும் இதுவே போதும், இரண்டு வாங்க வேண்டாம். முதல் மாதம் எதுவுமே வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

லாங்வுட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஊர் ஓரத்துக் காடுதானே என்று நுழைய முடியாது. 116 ஹெக்டேர்தான், ஆனால் கீழே எத்தனையோ ஊருக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். 2024-இல் ராம்சர் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்துவிட்டார்கள். நீலகிரி சிரிப்பான் என்ற பறவையை அங்கே நிச்சயம் கேட்கலாம். நம் மலையும் இதை ஒட்டிய மலையும் தவிர அது வேறெங்கும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் போகும்போது சொல்கிறேன், அனுமதியைச் சேர்த்தே வாங்கிவிடலாம். மழை பெய்த வாரம் என்றால் அட்டை இருக்கும், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வாருங்கள்.